முட்டிச் சில்லும் மூன்றாவது மாடியும்

அன்புள்ள ஜோயல்,

நேற்று மத்தியானம் அம்பத்தூர் ஆபீஸிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாய். நம் கட்டடத்து வாசலில் முனியம்மாவின் இஸ்திரி வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே, வீடு தீப்பிடித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். "மேல உனக்கு என்னம்மா கொற வச்சோம்?" என்று கேட்டாய். முனியம்மாவையும் விடவில்லை. "அவங்களுக்குக் கால் சரியில்லன்னு தெரியாதா, நீங்க எதுக்கு உக்கார வைக்கிறீங்க?" என்று அவளிடமும் எரிந்து விழுந்தாய். பாவம், அவள் துணியை மடித்துக்கொண்டே, "நான் இன்னா பண்ணேன் தம்பி, அவங்களா எறங்கி வந்தாங்க" என்றாள். நீ கையைப் பிடித்தாய், நானும் உன்னோடு படி ஏறி வந்துவிட்டேன். பதில் இல்லாமல் வரவில்லை. பதில் நீளமாக இருந்தது, நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலே நாலு வரி படித்துவிட்டு ஒரு கட்டை விரலை அனுப்புவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன். மருமகள் ரீனாவும் படிக்கட்டும். என் வயதில் மாடியில் இருக்கிற எந்த அம்மாவின் பிள்ளை வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

முதலில் முட்டியின் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைப் பாதிதான் கேட்டாய். மழை விட்ட சமயத்தில் ஒருநாள் காலையில் எனக்கு வலது கால் மடங்கவில்லை. முட்டிக்கு முன்பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது. நீ லீவு போட்டுப் பூந்தமல்லியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாய். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராக வைத்து அவர் விரலால் காட்டினார். முட்டிச் சில்லின் முன்பக்கத்தில் எலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாக, தடித்துத் தெரிகிறது, மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு அது நாய் கடித்துப் போட்ட பிஸ்கட் மாதிரிதான் தெரிந்தது. இது எதனால் என்று நீ கேட்டாய். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். தொடைத் தசைநார் வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து அந்த இடத்தில் எலும்பு வளர்ந்திருக்கலாம். மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். எப்போதோ விழுந்து, விரிசல் விட்டு, தெரியாமலேயே கூடியிருக்கலாம். சிலருக்குப் பிறக்கும்போதே சில்லு இரண்டு துண்டாக இருக்கும், அதுவும் படத்தில் வித்தியாசமாகத் தெரியும். யூரிக் ஆசிட் உப்புப் படியலாம். டிபி மாதிரிக் கிருமி எலும்பில் இறங்கியிருக்கலாம். ரொம்ப அபூர்வமாகக் கட்டியாகவும் இருக்கலாம். எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவோம் என்றார்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? "முட்டி போட்டு ஏதாவது வேலை செய்வீங்களாம்மா? தரை தொடைக்கிறது, அந்த மாதிரி?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "இல்ல டாக்டர், வீட்ல ஆள் இருக்காங்க. அம்மாவ ஒரு வேலையும் செய்ய விடறதில்ல." உன் குரலில் எவ்வளவு பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆமாம் டாக்டர், அந்த மாதிரி வேலையே கிடையாது என்று நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, உண்மை என்று நினைத்தே சொன்னேன்.

வெளியே வந்தோம். அவர் சொன்ன காரணங்களில் உனக்குக் காதில் நின்றது கடைசி ஒன்று மட்டும். பைக்கை எடுக்காமல் ஓரமாக நின்று ரீனாவுக்குப் போன் செய்து "கட்டியாம்" என்றாய். "இருக்கலாம்" என்று அவர் சொன்னதை நீ விழுங்கிவிட்டாய். நான் கோபப்படவில்லை. உன் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு "வாயுத் தொல்லை" என்று சொன்னபோது நாம் இரண்டு பேரும் நம்பினோம், ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தோம். அவர் அந்த நெஞ்சு வலியிலேயே போன அன்றிலிருந்து எந்த டாக்டர் எதைச் சொன்னாலும் உனக்கு மோசமானதுதான் முதலில் கேட்கும். அது உன் குற்றமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காகச் சிறை கிடந்தது நான்.

அன்று சாயங்காலமே சட்டம் வந்துவிட்டது. படியில் இறங்கக் கூடாது. லிஃப்ட் இல்லாத கட்டடம், நாம் இருப்பது மூன்றாவது மாடி, எனவே வெளியே என்ற ஒன்று எனக்கு இல்லை. கீழே உட்காரக் கூடாது. குளியலறையில் தாழ்ப்பாள் போடக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஹாலில் டிவிக்கு மேலே ஒரு கேமரா. பேசுகிற கேமரா. நான் எழுந்து இரண்டடி வைத்தால் போதும், "எங்கம்மா போற?" என்று சுவர் கேட்கும். முதல் நாள் நான் பயந்து தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டேன், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்கொத்திப் பாம்பாக ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் தாய்க்குத் தலை சொறியக்கூடக் கூச்சமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போய் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பேன், அது நின்றது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் காய் வாங்கும் சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றுவேன், அதுவும் நின்றது. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினால் முனியம்மா கீரையும் பூவும் வாங்கிப் போட்டு அனுப்புவாள். என் இஸ்திரித் துணி இறங்கியது, ஏறியது. குப்பை இறங்கியது. என்னைத் தவிர எல்லாம் அந்த வீட்டிலிருந்து வெளியே போய் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் அவள் அண்ணாந்து பார்த்து, "இன்னா யக்கா, தெனம் கூடை மட்டும் எறங்குது, நீ எப்போ எறங்குவே?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கதவுக்குப் பூட்டில்லை ஜோயல், சாவி என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் இறங்கினால் நீ ஆபீஸில் பதறுவாய். அந்த நினைப்பைவிடப் பெரிய பூட்டு எனக்கு யாரும் போட்டதில்லை.

இப்போது நீ பாதியில் விட்ட கதையின் மீதி. விடியற்காலையில் முழங்கால் போட்டு ஜெபிப்பது எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து வழக்கம். உனக்கே தெரியும், நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். கேமரா வந்த பிறகு ஹாலில் முட்டி போட்டால் நீ "கீழ உக்காராத" என்று சொல்லுவாய் என்று, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் இருக்கும் சந்துக்கு இடத்தை மாற்றினேன். அங்கே தரை வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான டைல்ஸ். பாய் விரித்தால் ஈரமாகும் என்று வெறுந்தரையிலேயே முழங்காலில் நின்றேன். நாளெல்லாம் வெளியே போக வழியில்லாததால் காலையில் மட்டும் என்று இருந்தது மத்தியானமும் ஆனது, சாயங்காலமும் ஆனது. முட்டி வீங்கிக்கொண்டே போனது. நீ இன்னும் பயந்தாய். மாத்திரையைக் கூட்டினாய், நடையைக் குறைத்தாய். நான் இன்னும் அதிகமாக முட்டி போட்டேன்.

இதைப் படித்துவிட்டு "அம்மாவுக்கு மூளையே இல்லையா" என்று கேட்பாய். கேள். ஜெபத்தின்போது வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வலி ஜெபத்திலிருந்தே வருகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. வலித்தால் அது சோதனை, தாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் வேலையைப் பற்றிச் சொன்னேன். ஆண்டவருக்கு முன்னால் நிற்பதை எந்தப் பெண்பிள்ளை வேலைக் கணக்கில் சேர்ப்பாள்?

ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆனது. போன அன்று நீ வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் படுக்க வைத்து, முட்டியை ஒரு கூட்டுக்குள் பூட்டி, இடுப்பு வரை அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். ஆடக் கூடாது, பேசக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள். காதில் பஞ்சு. இரும்புக் கதவை யாரோ இடிக்கிற மாதிரிச் சத்தம். எல்லோரும் பயப்படுவார்கள் என்று நீ முன்கூட்டியே எனக்குத் தைரியம் சொல்லியிருந்தாய். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது. இது முடியும் வரை என்னை யாரும் கூப்பிட முடியாது. மாத்திரை போட்டாயா, எங்கே போகிறாய், குக்கர் எத்தனை விசில், எதுவும் கேட்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணீர் காதோரம் ஒழுகியது. இந்த நிம்மதியை எனக்கு ஏற்கெனவே தெரியுமே, எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். விடை கிடைத்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த நாள் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக் கட்டி இல்லை, கிருமி இல்லை என்றார். நீ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாய். பிறகு அவர் என் புடவையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி இரண்டு முட்டிகளையும் தடவிப் பார்த்தார். தோல் கறுத்து, காய்த்துப் போயிருந்தது. "இது எப்படிம்மா வந்துச்சு?" என்றார். "அது ஜெபம் பண்றதுல வந்தது டாக்டர்" என்றேன், சாதாரணமாக. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்ளோ நாளா?" "கல்யாணம் ஆனதுலேருந்து." சிரிக்கவில்லை அவர். சில்லுக்கு முன்னால் இருக்கிற தண்ணீர்ப் பை உரசி உரசி வீங்கியிருக்கிறது, வருஷக்கணக்கான அழுத்தத்தில் எலும்பும் தடித்துவிட்டது, இடது முட்டியிலும் கொஞ்சம் இருக்கும், மேலே நீட்டிய கொம்பு வயசானால் நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். "நடங்க. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு மெதுவாப் படி ஏறி எறங்குங்க, தொடைக்குப் பலம் வரும். முட்டி மட்டும் போடாதீங்க." நாம் அதுவரை செய்தது எல்லாம் தலைகீழ். செய்யலாம் என்பதைத் தடுத்தோம், கூடாது என்பதை நான் மறைவில் செய்துகொண்டிருந்தேன்.

வராந்தாவில் நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த அழுகைக்காக உனக்கு ஆயிரம் மன்னிப்பு உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து என்ன செய்தாய்? முட்டி போடக் கூடாது என்பதைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டாய். படி வேண்டாம் என்பதை எடுக்கவில்லை. "எதுக்கும்மா ரிஸ்க், கொஞ்ச நாள் போகட்டும்" என்றாய். மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி, "இனிமே இதுல உக்காந்து ஜெபம் பண்ணு" என்று ஹாலில் கேமராவுக்கு நேராகப் போட்டாய். நான் அதில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். "பரமபிதாவே" என்று ஆரம்பித்திருப்பேன், சுவர் பேசியது: "அம்மா, என்னாச்சு? தலை சுத்துதா? தூங்கிட்டியா?" ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது நீ சொன்னாய்: "எனக்காகத்தானேம்மா இவ்ளோ வருஷம் முட்டி போட்ட. போதும்மா." ரீனா கலங்கிவிட்டாள். நான் ரசத்தை ஊற்றினேன். இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்காகவும்தான் முட்டி போட்டேன். உன் காய்ச்சலுக்கு, உன் பரீட்சைக்கு, உன் வேலைக்கு. ஆனால் அதெல்லாம் முடியக் கொஞ்ச நேரம் போதும். மீதி நேரம் எனக்காக. அம்பத்தூரில் நாம் இருந்த வரிசை வீடு உனக்கு நினைவிருக்கும். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. உன் அப்பா, அவர் தம்பிகள் இரண்டு பேர், மாமியார், நீ. தண்ணீருக்கு என்னைக் கூப்பிடுவார்கள், சட்டைப் பொத்தானுக்குக் கூப்பிடுவார்கள், தீப்பெட்டி எங்கே என்று கூப்பிடுவார்கள். கழிவறைக் கதவைத் தட்டிக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் முழங்காலில் இருந்தால் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். உன் அப்பா ரேடியோவைக் குறைப்பார். வாசலில் யாராவது வந்தால், "அவ ஜெபத்துல இருக்கா, அப்புறம் வா" என்பார். நீகூட அவிழ்ந்த ஷூ கயிற்றோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து காத்திருப்பாய். ஐந்து நிமிஷத்தில் எனக்குச் சொற்கள் தீர்ந்துவிடும். எழ மாட்டேன். ஒன்றும் கேட்காமல், ஒன்றும் நினைக்காமல் அப்படியே இருப்பேன். ஆண்டவருக்கு அது தெரியும், அவர் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கென்று ஒரு அறை இல்லாத வீட்டில் அதுதான் என் அறை. டாக்டர் சொன்ன காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்.

அதனால் உனக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், அம்மா என்ற உரிமையில். இன்னொருவரிடம் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாதே, அது எவ்வளவு பாசமான பதிலாக இருந்தாலும். அன்று டாக்டரிடம் என்னைப் பேச விட்டிருந்தால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், சரி. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். அப்புறம், ரீனா. அவள் ஆபீஸிலிருந்து வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நிற்கிறாள், கவனித்திருக்கிறாயா? தண்ணீர் வீணாகிறது என்று நீ கதவைத் தட்டுகிறாய். தட்டாதே. அவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு மூலையும் கொடு, அங்கே அவள் இருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது என்று வை. அவள் முட்டியாவது முட்டியாக இருக்கட்டும்.

நேற்று நான் இறங்கினேன். கேமரா கேட்டது, நான் பதில் சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போனேன். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று, வலியில்லாமல் இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் கீழே போனதும் வெயில் காலில் பட்டது. முனியம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வா யக்கா, வந்துட்டியா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை, துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஷேர் ஆட்டோக்காரன் மாங்காடு மாங்காடு என்று கத்திக்கொண்டு போனான். நான் எங்கும் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீ வந்தாய்.

மேலே எனக்கு என்ன குறை என்று கேட்டாய். ஒரு குறையும் இல்லை ஜோயல். சோறு, மருந்து, பாசம், எல்லாம் இருக்கிறது. நான் தனியாக இருக்கத்தான் இடமில்லை. இனி முட்டி போட்டு அதைச் செய்துகொள்ளவும் முடியாது. நம் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் பின்பக்கத்து ஒற்றை அறை வீடு காலியாக இருக்கிறது. நேற்று நீ வருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிட்டேன், அப்பாவின் பென்ஷன் வாடகைக்குப் போதும். உன்னிடம் கோபித்துக்கொண்டு போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலே வருவேன், படி ஏறினால் தொடைக்குப் பலம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போவேன். ராத்திரியில் ஏதாவது என்றால் உன்னைத்தான் கூப்பிடுவேன், வேறு யாரைக் கூப்பிடப் போகிறேன். ஆனால் அங்கே கேமரா வேண்டாம். நீ பயப்படுவாய், எனக்குத் தெரியும். பயப்படு, அதைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள், நான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகத் தனியாக அனுப்பியபோது கற்றுக்கொண்ட மாதிரி.

அந்த வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உனக்குத்தான். வரும்போது கதவைத் தட்டு, நான் வா என்று சொன்ன பிறகு உள்ளே வா.

உன் அம்மா